பதினோராம் சுற்று

உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று வரிசை மாறாமல் முழங்கை வரைக்கும் ஸ்பிரிட்டைத் தேய்த்துக்கொண்டு, இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காயவிடுகிறாள் மாரீஸ்வரி. புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். கை காய்ந்ததும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். பெட்டிக்குள்ளிருந்து வடிகட்டிய காற்று விடாமல் முகத்தில் வந்து தடவுகிறது. இனி மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தென்னையும் வாழையும் சூழ்ந்த இடத்தில் இருக்கிறது அந்தத் திசு வளர்ப்பு ஆய்வகம். வாழைக் கிழங்கின் நுனிக்குருத்தில் பட்டாணி அளவு நறுக்கி, பாட்டிலில் ஊற்றி உறைய வைத்த கூழில் நட்டு வளர்க்கிறார்கள். நாலு வாரத்தில் அது கொத்தாகக் கிளைத்து நிற்கும். அதை எடுத்து நறுக்கி நாலைந்து பாட்டிலில் நடவேண்டும். அவை கிளைத்ததும் மறுபடி நறுக்கவேண்டும். இப்படி ஒரு முறை நறுக்கி நடுவதற்கு ஒரு ‘சுத்து’ என்று பெயர். வாயைத் திறந்தால் மூச்சில் இருக்கிற கிருமி கூழில் விழுந்துவிடும் என்பதால், நறுக்குகிறவர்கள் முகமூடி போட்டிருந்தாலும் பேசக் கூடாது. சாயங்கால பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே டிக்கெட் கொடுக்க மறந்து கேட்கிற அளவுக்குப் பேசுகிறவள், பகலெல்லாம் ஊமையாக இருந்து பதினோரு வருஷம் ஆயிற்று.

வீட்டில் புளிக்கிற பொருள் எதையும் தொடமாட்டாள். தோசை மாவைக் கையால் கரைத்து வைப்பது புருஷன் கோட்டைச்சாமியின் வேலை. விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மேட்டு ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிற மனுஷர். சாயங்காலம் வந்து கை கழுவி மாவுச் சட்டிக்குள் முழங்கை வரை விடுவார். தெருவில் கேலிக்குக் குறைவில்லை. “அவ கை வாழைக்கு நேந்துவிட்ட கையி. தோசைக்கு என் கைதான்,” என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவதால் கேலி செய்கிறவர்களுக்கு வேலை மிச்சம்.

“நகக்கண்ணுல ஒரு பொட்டு மாவு நின்டுச்சுன்னு வைங்க, முன்னூறு பாட்டிலு பூத்துப்போகும்,” என்பாள் மாரீஸ்வரி. பூப்பது என்றால் அவளுக்குப் பூசணம். பூவுக்கும் அதே தடைதான். திங்கள் முதல் சனி வரை தலையில் ஒரு மல்லிகை மொட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஆறு நாள் பாக்கியையும் சேர்த்து மூன்று முழம் வைத்துக்கொண்டு, கழுத்து வலிக்கிறது என்று அவளே அலுத்துக்கொள்வாள்.

பாட்டில்களுக்கு இரண்டு நிற மூடி. நீல மூடி போட்ட கூழில் ஒரு வகை ஊக்கி மருந்து கலந்திருக்கும்; அதில் நட்ட துண்டு குருத்து குருத்தாகத் தள்ளும். வெள்ளை மூடிக் கூழில் வேறொன்று. அதே கொத்திலிருந்து இன்னொரு துண்டை எடுத்து அங்கே நட்டால் வெள்ளை வெளேரென்று வேர் இறங்கும். பதினோரு வருஷமாகத் தினமும் பார்க்கிற காட்சிதான். இன்றைக்கும் பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து வேரைப் பார்த்தால் சற்று நேரம் அப்படியே நின்றுவிடுவாள். “ஒரே துண்டுதான? ஊட்டுன கூழு மாறுனதும் புத்தியே மாறிப்போகுது பாருங்க,” என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவாள், அவரும் தினமும் அதைத்தான் செய்கிறார் என்பது மறந்துபோய்.

ஆய்வகத்தின் பொறுப்பாளர் ஷர்மின். கம்பத்துப் பெண், வயதில் மாரீஸ்வரிக்குப் பத்து வருஷம் இளையவள், மரபணுவைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்தவள். ஒரு நாள் டீ நேரத்தில் மாரீஸ்வரி அவளை மடக்கி, ஒரே துண்டுக்கு எப்படி இரண்டு புத்தி என்று கேட்டாள்.

“வேர்ல இருக்கிற செல்லுக்கும் பழம் ஆகத் தெரியும்க்கா. தண்டுல இருக்கிறதுக்கும் வேர் விடத் தெரியும். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் முழு மரபணுவும் இருக்கு. ஆனா எல்லாத்தையும் ஒரே நேரத்துல வெளிக்காட்டாது. அங்கங்க எது வேணுமோ அது மட்டும் திறந்திருக்கும், மத்ததெல்லாம் சுருட்டி மூடியிருக்கும்.”

“அப்ப எல்லாந் தெரிஞ்சுக்கிட்டேதான் கம்முன்னு இருக்கா?” என்றாள் மாரீஸ்வரி. அன்று முழுக்க அதே நினைப்பு. பட்டாணி அளவு வெள்ளைத் துண்டைப் பிளேடால் பிளக்கும்போதெல்லாம், இதற்குள்ளே ஒரு முழு வாழைமரம், தார், பூ, சருகு, பழத்தின் வாசனை எல்லாம் இருந்தும் பேசாமல் இருக்கிறதே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த வாரக் கடைசியில் மகள் விஜிக்குத் துணி எடுக்கத் தேனிக்குப் போனவள், திங்கட்கிழமை டீ நேரத்தில் ஷர்மினைத் தேடி வந்தாள். “மேடம், சேலைக் கடையில கண்டுபிடிச்சுட்டேன். கடைக்குள்ள ஆயிரஞ் சேலை மடிச்சு அடுக்கியிருக்காக. நாம பாக்குறது அந்த ஆளு பிரிச்சுப் போட்டத மட்டுந்தான். மடிப்புல இருக்கிறது இல்லாமப் போயிருச்சா? இருக்கு. பிரிக்கல. கல்யாணத்துக்குன்னு கேட்டா பட்டப் பிரிக்கிறாக, அன்னாடம் கட்டுறதுக்குன்னு கேட்டா நூலப் பிரிக்கிறாக. நம்ம நீல மூடி வந்து கேட்டா குருத்து, வெள்ளை மூடி கேட்டா வேரு. அப்படித்தான?”

ஷர்மின் டீயைக் குடிக்காமல் அவளையே பார்த்தாள். “அப்படித்தான்க்கா. ஒண்ணு மட்டும் சேத்துக்கங்க. எது மூடியிருக்கணும், எது திறந்திருக்கணும்னு மரபணு மேல சின்னச் சின்ன அடையாளம் ஒட்டியிருக்கும். செல்லு ரெண்டாப் பிரியும்போது அந்த அடையாளத்தையும் பாத்து எழுதிக்கும். நாம வேகவேகமா நறுக்கிப் பெருக்கிக்கிட்டே போனா, பாத்து எழுதறதுல தப்பு வரும். திறந்திருக்க வேண்டியது மூடிக்கும். சில சமயம் மரபணுவே கெட்டும் போகலாம். அதனாலதான் எட்டுச் சுத்தோட நிறுத்தச் சொல்றது.”

எட்டு. அந்த ஆய்வகத்தில் அதற்கு மேல் எண்ணிக்கை கிடையாது. ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு வெள்ளைச் சீட்டு: எந்த ரகம், எந்தத் தாய்க் கன்றின் வழி, எத்தனையாவது சுற்று, யார் நறுக்கியது. எட்டாம் சுற்று முடிந்தால் வேண்டிய அளவு வெள்ளை மூடிக்குப் போகும். மிச்சத்தைப் பெரிய குக்கரில் போட்டு அவித்துக் கொட்டிவிட்டு, தோட்டத்திலிருந்து புதுக் கிழங்கு கொண்டுவந்து முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் மாரீஸ்வரி வளர்ப்பறைக்குள் போய் நிற்பாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அங்கே மார்கழிக் காலைக் குளிர். தரையிலிருந்து கூரை வரை தட்டுத் தட்டாக வெள்ளை விளக்கு. விளக்குக்குக் கீழே ஆயிரக்கணக்கான பாட்டில். பாட்டிலுக்குள் விரல் நீளத் தளிர்கள். காற்று அசையாது, சத்தம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டால் அவை வளர்வது காதில் கேட்கிறது என்பாள். எப்படிக் கேட்கும் என்றால், “தூங்குற புள்ள பொரண்டு படுக்குமே, அப்படி,” என்பாள். சாயங்காலம் பஸ் ஜன்னலில் தலை சாய்த்து வருகிறபோது, ரோட்டோரம் தார் தள்ளி நிற்கிற தோப்பையெல்லாம் தன்னுடையது என்று அடையாளம் சொல்லுவாள். “அங்கன நிக்கிறது நம்ம புள்ளைக. அந்தா, அந்த மூலையில சாஞ்சு நிக்கிறானே, அவன் பாட்டிலுக்குள்ளயே கோணலு.” நிரூபிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவளிடம் எட்டோடு நிறுத்து என்றால் எப்படி நிறுத்துவாள்?

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் முழுக்கக் கரண்டு போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணி, செவ்வாழைப் பாட்டில்கள் தட்டுத் தட்டாகப் பூத்துப்போயின. தப்பியது இரண்டாம் நம்பர் தாய்வழி ஒன்றுதான். அது மாரீஸ்வரி நறுக்கியது; எட்டாம் சுற்றை முடித்து நாற்பது பாட்டில் நின்றது. முறைப்படி அவ்வளவுதான் அதன் ஆயுசு. கார்த்திகை பிறந்ததும், அவிக்கிறதற்காகக் கூடையில் அடுக்கப் போனவள் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். ஏழு குருத்து. ஒவ்வொன்றின் காம்பும் கிளி மூக்கு மாதிரிச் சிவந்து, வா என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. இதைக் கொண்டுபோய் எப்படி அவிப்பது? கூடையைத் தள்ளி வைத்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நறுக்கினாள், நட்டாள். புதுச் சீட்டில் ஒன்பது என்று எழுதவேண்டிய இடத்தில் எட்டு என்று எழுதினாள். கார்த்திகையில் ஒரு எட்டு, மார்கழியில் ஒரு எட்டு, தையில் ஒரு எட்டு. யாரும் சொல்லிச் செய்ததில்லை, அவளுக்கு அதனால் ஆதாயமும் இல்லை. நன்றாக வளர்கிற ஒன்றைச் சாகடிக்கக் கை வரவில்லை. செவ்வாழைக் கன்று கேட்டு வந்தவருக்குப் போதுமான அளவு தேறிவிட்டது என்று ஷர்மினும் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

கேட்டு வந்தவர் உத்தமபாளையம் அபுபக்கர் ராவுத்தர். காலமெல்லாம் நெல்லே போட்டவர், இந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒன்றரை ஏக்கரில் செவ்வாழை வைக்கிறார். பாட்டிலிலிருந்து பைக்கு மாறி, பச்சை நிழல்வலைக்குக் கீழே ஆயிரத்து முன்னூறு கன்று அவர் பெயரில் நின்றது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்தால் வெள்ளை ஜிப்பாவோடு நேரே அங்கேதான் வருவார். கன்றுகளுக்கு நடுவே மெதுவாக நடந்து, ஒவ்வொரு வரிசையாக நின்று பார்த்துவிட்டு, மாரீஸ்வரியைக் கண்டால் சொல்லுவார்: “உங் கை பட்ட கன்னுன்னு சொன்னாக ஆத்தா. அதனால எனக்குப் பயமில்ல. ஒன்றர வருசப் பயிரு. எனக்கு இனிமே எத்தன ஒன்றர வருசம் இருக்கு, சொல்லு.”

மாரீஸ்வரிக்கு அந்தக் கேள்வி முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆனி பிறந்தது. மலையாளக் கரையிலிருந்து காற்று கிளம்பி, பள்ளத்தாக்கு முழுக்கச் சாரல் தூவிற்று. ஒரு திங்கட்கிழமை மதியம் நிழல்வலைக்குள் நுழைந்து, குழந்தையின் கன்னத்தைத் தூக்குகிற மாதிரி ஓர் இலைக் காம்பைத் தூக்கிப் பார்த்தாள். பச்சை. செவ்வாழைக்கு இந்த வயதில் காம்பு சிவந்திருக்கவேண்டும். இது சாதாரண வாழை மாதிரி, ஒன்றுமே நடக்காதது போல, பளிச்சென்று பச்சையாக நின்றது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் கன்றைப் பிடுங்கி, குப்பைக் குழியில் புதைத்தாள். மறுநாள் மூன்று. புதன்கிழமை ஐந்து. புதைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் காற்று முகத்தில் படுகிறது. கண்ணைத் திறந்தபடியே அவளுக்கு ராவுத்தரின் வயல் தெரிகிறது. ஆயிரத்து முன்னூறு கன்றும் வளர்ந்து மரமாகி, இலை அசையாமல், எதையோ சொல்ல வந்து சொல்லாமல் நிற்கின்றன.

அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் அவள் பேசவில்லை. உடம்புக்கு என்ன என்று கண்டக்டர் கேட்டார். வீட்டில் மாவுச் சட்டிக்குள் கைவிட்டிருந்த கோட்டைச்சாமியும் அதைத்தான் கேட்டார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள்.

“ஒம்பது கன்னப் பிடுங்கிட்டேல்ல? அம்புட்டுத்தான். நாளைக்கு லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டா முடிஞ்சது. யாருக்குத் தெரியப்போகுது?”

“காட்டிக்கிட்டது ஒம்பதுங்க. காட்டாம உள்ள வச்சுக்கிட்டு நிக்கிறது எத்தனைன்னு எனக்கே தெரியல. நட்டு ஆறு மாசம் ஆகித்தான் சிலது தெரியுமாம்.”

“சொன்னா வேல போயிரும்டி.”

அவர் மாவைக் கரைப்பதை விட்டுவிட்டு, கையில் மாவு சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷ வேலை. மகளின் நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அதைவிட, அந்த வேலை இல்லாமல் இவள் எப்படி இருப்பாள் என்பதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. அவளுக்கும் அதே பயம்தான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மினி லாரி பின்னோக்கி வரும் சத்தம் ஜன்னலுக்கு வெளியே கேட்டது. பிறகு கிரேட்டுகளைத் தூக்கி வைக்கிற சத்தம், ஏற்றுகிறவர்களின் பேச்சு, இடையில் ராவுத்தரின் சிரிப்பு. மாரீஸ்வரி நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை நட்டாள். இன்னொன்றை நட்டாள். மூன்றாவது துண்டை இடுக்கியில் பிடித்தபோது கை நின்றுவிட்டது. அப்போதும் அவள் முறையை விடவில்லை. துண்டை நட்டு, பாட்டிலை மூடி, சீட்டு ஒட்டி, விளக்கை அணைத்துவிட்டுத்தான் எழுந்தாள். பதினோரு வருஷத்தில் நடுவேலையில் அவள் எழுந்து போனது அதுவே முதல் தடவை. வெள்ளை அங்கியும் முகமூடியுமாக வெளியே வந்து சாரலில் நின்றாள்.

“மேடம், எறக்கச் சொல்லுங்க.”

கையில் கணக்குத் தாளோடு நின்ற ஷர்மின் திரும்பினாள். “எதுக்குக்கா?”

“ரெண்டாம் நம்பர் எட்டாஞ் சுத்து இல்ல. பதினொன்னு. மூணு தடவை எட்டு எட்டுன்னு நாந்தான் எழுதுனேன்.”

ஷர்மினுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. “தெரிஞ்சேவா எழுதுனீங்க?”

“தெரிஞ்சேதான்.”

“நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேனேக்கா. சேலைக் கடைன்னு எனக்கே நீங்க சொன்னீங்களே. ஏன்?”

“நல்லா வளந்துச்சு மேடம். அவிக்க மனசு வரல.”

குடையோடு பக்கத்தில் வந்து நின்ற ராவுத்தர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன ஆத்தா? எனக்கு வெளங்குற மாதிரிச் சொல்லு.”

மாரீஸ்வரி முகமூடியைக் கழற்றினாள். “செவப்பு உள்ளதான் இருக்கும் ராவுத்தரய்யா. இருந்தும் வெளிய வராது. செவ்வாழைன்னு நடுவீக, பச்சையா நின்டுரும். இந்தா நிக்கிதே, எல்லாம் இப்பச் செவப்பாத்தான் தெரியுது. இதுல எது மாறும், எது மாறாதுன்னு என்னால பாத்துச் சொல்ல முடியல. ஒம்பது மாறிப்போச்சு, பிடுங்கிப் பொதைச்சுட்டேன். இன்னும் அம்பதும் இருக்கும், ஐநூறும் இருக்கும். ஒங்களுக்குக் குடுக்க எனக்கு மனசு ஒப்பல.”

சாரல் கொஞ்சம் வலுத்தது. ராவுத்தர் லாரியைப் பார்த்தார். பாதிக்கு மேல் ஏற்றியாகிவிட்டது. “குழி தோண்டி எருப் போட்டுட்டேனே ஆத்தா,” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லாததால் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடப் போனவளைப் பார்க்கமாட்டாமல் அவர் குடையைச் சாய்த்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

“புதுசா ஆரம்பிச்ச நாலாம் நம்பர் தாய்வழியில கன்னு வர்றதுக்கு இன்னும் அஞ்சு மாசம் ஆகுமே. ஓனர் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?” என்று ஷர்மின் தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டாள்.

“நான் செஞ்சேன்னு சொல்லுங்க மேடம். நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும்.”

ஷர்மின் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஏற்றியதை இறக்கச் சொன்னாள். வியர்க்க விறுவிறுக்க ஏற்றியவர்களுக்கு அது எப்படிப் பிடிக்கும்? டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று ரோட்டுப் பக்கம் நடந்துவிட்டார்கள். போகிறபோது ஒருவர் மாரீஸ்வரியை முறைத்துப் பார்த்தார்.

அவள் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டயரில் கால் வைத்து லாரியில் ஏறினாள். விளிம்பில் இருந்த கிரேட்டைத் தூக்கி, குனிந்து, கீழே நீட்டினாள். ராவுத்தர் குடையைத் தரையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். நனைந்த இருபது கன்றுகள்; இருபதின் காம்பும் நல்ல சிவப்பு. கனம் முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது. மாரீஸ்வரியின் விரல்கள் மட்டும் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தன.

“விடு ஆத்தா,” என்றார் ராவுத்தர்.

அவள் விரல் விரலாக எடுத்தாள்.